காலி வழியா, பனாமா வழியா, சான் பிரான்சிஸ்கோ வழியா: ஆஸ்திரேலியத் தபாலுக்கு எந்தக் கப்பலுக்கு மானியம்?

1857-இல் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே மாதம் ஒருமுறை தபால் எடுத்துச் செல்ல, ஐரோப்பியன் அண்ட் ஆஸ்திரேலியன் ராயல் மெயில் என்ற கம்பெனிக்கு ஆண்டுக்கு 1,85,000 பவுண்ட் மானியம் கொடுத்தார்கள். பாதி லண்டன் பணம். மறுபாதியைக் காலனிகள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டன; ஆஸ்திரேலியா அப்போது ஒரே நாடு அல்ல, தனித்தனிக் காலனிகள். அரை அவுன்ஸ் கடிதத்துக்கு அப்போது 6 பென்ஸ் கட்டணம். ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். அதாவது பவுண்டுக்கு 40 கடிதம். மானியம் முழுவதையும் கடிதக் கட்டணத்திலேயே திருப்பி எடுக்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு 74 லட்சம் கடிதங்கள் போய் வந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் குடியேறியிருந்தவர்கள் மொத்தமே சுமார் 10 லட்சம் பேர்தான், கைக்குழந்தைகளையும் சேர்த்து. தபால் மூட்டைகளின் எடையில் பெரும்பகுதி செய்தித்தாள் கட்டுகள். அவற்றுக்கு வாங்கிய கட்டணமோ சொற்பம். எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாலும் கட்டுப்படி ஆகாத கணக்கு.

ஆனாலும் கொடுத்தார்கள், நாற்பது ஐம்பது ஆண்டுகள் விடாமல் கொடுத்தார்கள். அதைவிட, எந்த வழியாகப் போகும் கப்பலுக்குக் கொடுப்பது என்று காலனிக்குக் காலனி சண்டை போட்டுக்கொண்டார்கள். நன்னம்பிக்கை முனை, சூயஸ்–காலி (இலங்கைத் துறைமுகம்), பனாமா, சான் பிரான்சிஸ்கோ, ஆஸ்திரேலியாவின் வடக்கே உள்ள டோரஸ் நீரிணை என்று ஐந்து வழிகள் மேசைமேல் இருந்தன. அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எதை எடை போட்டார்கள், எதைப் போடாமல் விட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார்கள் என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

மானியம் வாங்கித் தருவது தேதி. சரக்குக் கப்பல் சரக்கு நிரம்பும்வரை துறைமுகத்தில் கிடக்கும். மானியக் கப்பல் காலியாக இருந்தாலும் குறித்த நாளில் நங்கூரம் தூக்கியாக வேண்டும். தாமதமானால் அபராதம். 1860 வரை பிரிட்டனில் இந்த ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொண்டது தபால் துறை அல்ல, கடற்படைத் தலைமையகம். போர் வந்தால் கப்பல்களை எடுத்துக்கொள்ளும் உரிமையையும் அது கையில் வைத்திருந்தது. அந்த உரிமை ஆஸ்திரேலியாவை எப்படிப் படுத்தியது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

இன்னொன்று, இன்று நாம் யோசிக்கவே யோசிக்காத விஷயம். மெல்போர்ன் கம்பளி வியாபாரிக்குக் கடிதம் எத்தனை நாளில் போகும் என்பதைவிட, பதில் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதே முக்கியம். மாதம் ஒரு கப்பல்தான். லண்டன் கப்பல் வந்து சேருவதற்கு முதல் நாள் திரும்பும் கப்பல் கிளம்பிவிட்டால், வந்த கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதுதான். நடுக்கடலில் ஐந்து நாளை மிச்சம் பிடித்து, துறைமுகத்தில் இருபத்தைந்து நாளைக் கோட்டை விட்டால் என்ன லாபம்? அந்தக் காலத்துச் சிட்னி, மெல்போர்ன் வர்த்தக சங்கங்கள் கால அட்டவணையைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டியது இதனால்தான்.

முனையைச் சுற்றி

தங்கம் கிடைத்தது 1851-இல். மெல்போர்னைத் தலைநகராகக் கொண்ட விக்டோரியா காலனியின் ஜனத்தொகை பத்தே ஆண்டில் சுமார் 77,000-இலிருந்து 5,40,000 ஆனது. தபால் வேண்டும் என்ற கூச்சலும் கூடவே எழுந்தது. 1852-இல் ஆஸ்திரேலியன் ராயல் மெயில் ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்கு நன்னம்பிக்கை முனை வழியே தபால் ஒப்பந்தம் கிடைத்தது. வரைபடத்தில் பார்த்தால் எளிமையான வழி: கப்பல் மாற வேண்டாம், பாலைவனம் கடக்க வேண்டாம், அடுத்தவன் நாட்டு ரயிலை நம்ப வேண்டாம். சிக்கல் கரியில் இருந்தது. அந்தக் காலத்து எஞ்சின்கள் கரியை விழுங்கின. வழியில் கரி நிரப்பும் இடங்கள் குறைவு, இருந்த இடங்களுக்கும் பாய்மரக் கப்பலில்தான் கரி வந்தாக வேண்டும். கப்பல்கள் பழுதாயின, வாரக்கணக்கில் தாமதமாயின. 1853-இலேயே ஒப்பந்தம் முறிந்தது.

இதே வழியில் பாய்மரக் கப்பல்கள் நீராவியை வெட்கப்பட வைத்தன. மார்கோ போலோ 1852-இல் லிவர்பூலிலிருந்து மெல்போர்னுக்கு 76 நாளில் போனது. 1854-இல் ஜேம்ஸ் பெய்ன்ஸ் 63 நாள். இந்தக் கிளிப்பர்களுக்குக் கரிச்செலவு கிடையாது. அப்படியிருக்க நீராவிக்கு ஏன் இவ்வளவு பணம் என்று கேட்டவர்கள் இருந்தார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு கப்பல் 63 நாளில் வரும், அடுத்தது 90 நாளானாலும் வராது. காற்றுக்கு அபராதம் போட முடியாது. எதிர்பாராமல் சீக்கிரம் வரும் கடிதத்தைவிட, சொன்ன நாளில் வரும் கடிதத்துக்கே வியாபாரத்தில் மதிப்பு.

காலி

பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கப்பல் கம்பெனி 1842-இல் சூயஸுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே கப்பல் விடத் தொடங்கியபோதே இலங்கையின் காலித் துறைமுகம் அதன் பாதையில் இருந்தது. அந்தக் கப்பல் சென்னைக்கும் வந்து போனது; சென்னைவாசியின் லண்டன் கடிதம் மசூலா படகில் அலைதாண்டிக் கப்பலேறி, காலி வழியாகத்தான் போனது. 1845-இல் பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங் கிளை காலியிலிருந்து பிரிந்தது. 1860-களில் பிரெஞ்சுக்காரர்களின் மெஸ்ஸாஜரி கப்பல்களும் வந்து சேர்ந்தன: சூயஸிலிருந்து சைகோன் போகும் கப்பல் காலியில் நிற்கும், அங்கிருந்து ஒரு கிளை புதுச்சேரி, சென்னை, கல்கத்தா போகும்.

ஆஸ்திரேலியாவுக்கு பி அண்ட் ஓ முதலில் வந்தது வேறு வழியில். சூசான் என்ற கப்பல் 1852 ஆகஸ்டில் சிட்னி போய்ச் சேர்ந்து, சிங்கப்பூரை மையமாக வைத்து இரண்டு மாதத்துக்கு ஒரு ஓட்டத்தைத் தொடங்கியது. இரண்டே ஆண்டுதான். கிரீமியப் போர் வந்தது. படைகளை ஏற்றக் கப்பல்கள் போய்விட்டன. ஆஸ்திரேலியச் சேவை நின்றது. மறுபடி கிளிப்பர்களையே நம்ப வேண்டியதாயிற்று. பேரரசின் பாதுகாப்புக்கு என்று சொல்லி வாங்கிய மானியம், பேரரசுக்குச் சண்டை வந்த அன்றே காலனியின் தபாலைக் கைவிட்டது.

போர் முடிந்ததும் டெண்டர் விட்டார்கள். பி அண்ட் ஓவுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது முதலில் சொன்ன 1,85,000 பவுண்ட் கம்பெனிக்கு. இந்த வழியில் பழக்கமில்லாத புதுக் கம்பெனி. சொந்தக் கப்பல்கள் நேரத்துக்குத் தயாராகவில்லை, அடுத்தவர் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டியது. தாமதம், பழுது, அபராதம், கடன். 1858-இல் மூழ்கியது, கப்பல் அல்ல, கம்பெனி. 1859-இல் பி அண்ட் ஓ திரும்பி வந்து, முதலில் மொரீஷியஸ் வழியாக விட்டுப் பார்த்தது. விரைவிலேயே காலிக்கு மாற்றிக்கொண்டது.

அந்த மாற்றத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. சூயஸிலிருந்து காலிவரை இந்தியத் தபால், சீனத் தபால், ஆஸ்திரேலியத் தபால் மூன்றும் ஒரே கப்பலில் வரலாம். ஆஸ்திரேலியா தனக்கென்று சுமக்க வேண்டியது காலியிலிருந்து கிங் ஜார்ஜ் சவுண்ட் (மேற்கு ஆஸ்திரேலியத் துறைமுகம்), மெல்போர்ன் வழியாகச் சிட்னிவரை உள்ள கிளையின் செலவை மட்டும். ஏடனிலும் காலியிலும் கரிக்கிடங்கு ஏற்கெனவே உண்டு. ஒரு கப்பல் பழுதானால் அடுத்த ஓட்டத்திலிருந்து ஒன்றை இழுத்துக்கொள்ளலாம். மூன்று கப்பல் வைத்துக்கொண்டு அகலக்கால் வைத்த புதுக் கம்பெனிகளால் செய்ய முடியாதது இது.

அதற்கு மேல் ஒரு கொசுறு. 1858 வாக்கில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே தந்தி வந்தது; 1865-இல் இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே. லண்டன் கடிதம் வாரக்கணக்கில் கடந்து வரும் தூரத்தைத் தந்தி சில நாட்களில் கடந்தது. ஆக, காலியில் ஆஸ்திரேலியக் கப்பல் கிளம்பும்போது அதில் ஏறும் தந்திச் செய்தி, அதே கப்பலில் கிடக்கும் கடிதங்களைவிடப் பல நாள் புதியது. சிட்னிப் பத்திரிகைகள் அதைத்தான் முதலில் அச்சேற்றின. தந்திக்கு முன்பும் காலி ஒரு செய்திச் சந்தையாகத்தான் இருந்தது: தபால் கப்பல் கொண்டுவந்த ஐரோப்பியச் செய்தியைக் கொழும்பு அப்சர்வர் பத்திரிகை புறாக்காலில் கட்டிக் கொழும்புக்குப் பறக்கவிட்டது.

குறைகளும் சின்னவை அல்ல. எகிப்தைக் கடக்க வேண்டும். ரயில் வருவதற்கு முன்பு, கெய்ரோவிலிருந்து சூயஸ்வரை ஒரே ஒரு கப்பலின் சுமையைக் கொண்டுபோக 3,000-க்கும் மேற்பட்ட ஒட்டகங்கள் தேவைப்பட்டன என்பார்கள். 1858-இல் ரயில் சூயஸை எட்டியது. 1869 நவம்பரில் கால்வாயே திறந்தது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஒப்பந்தத்தில் எகிப்து ரயில் வழி என்று எழுதியிருந்ததால், தபாலைக் கால்வாய் வழியே கொண்டுபோகப் பிரிட்டிஷ் தபால் துறை ஒப்பவில்லை. அலெக்சாந்திரியாவில் மூட்டைகளை இறக்கி, ரயிலில் சூயஸுக்கு அனுப்பி, கால்வாய் வழியே வந்த அதே கப்பலில் மறுபடி ஏற்றினார்கள். 1874 வரை இந்தக் கூத்து நடந்தது.

காலித் துறைமுகமும் பயமுறுத்தும் இடம். வாயிலில் பாறைகள், தென்மேற்குப் பருவக்காற்றுக்கு மறைப்பில்லை. 1860 மே 22-இல் மலபார் என்ற பி அண்ட் ஓ கப்பல் துறைமுகத்துக்குள்ளேயே சூறைக்காற்றில் நங்கூரம் இழுபட்டுப் பாறையில் மோதியது. சீனாவுக்கு எதிரான போருக்குத் தூதர்களாகப் போய்க்கொண்டிருந்த எல்ஜின் பிரபுவும் பிரெஞ்சுப் பிரபு குரோவும் அதில் இருந்தார்கள். ஆட்கள் பிழைத்தார்கள், வெள்ளிப் பெட்டிகள் தண்ணீருக்குள் போயின, பிறகு மூழ்காளிகளை விட்டு எடுத்தார்கள். 1871 நவம்பரில் ரங்கூன் என்ற கப்பல் ஆஸ்திரேலியத் தபாலோடு காலியைவிட்டு வெளியேறும்போதே காதிர் பாறையில் ஏறி, பிறகு நழுவி மூழ்கியது. கொழும்பில் அலைத்தடுப்புச் சுவருக்கு 1875-இல் அடிக்கல் நாட்டியதற்கும், 1882-இல் பி அண்ட் ஓ மூட்டை கட்டிக்கொண்டு கொழும்புக்கு மாறியதற்கும் பின்னால் இந்தக் கதைகள் இருக்கின்றன.

பனாமா: நியூசிலாந்தின் ஆசை

காலி வழியில் நியூசிலாந்து கடைசிப் பந்தி. தபால் மெல்போர்னுக்கும் சிட்னிக்கும் போய், அங்கிருந்து சின்னக் கப்பலில் மாறி வர வேண்டும். உலக உருண்டையைத் திருப்பி வைத்துப் பார்த்தால் வெலிங்டனே முதல் துறைமுகமாக வரும் ஒரு வழி தெரியும்: இங்கிலாந்திலிருந்து மேற்கே கரீபியன், 1855-இல் போட்டு முடித்த பனாமா ரயில், பிறகு பசிபிக். நியூசிலாந்தின் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாக இருந்த கிராஸ்பி வார்ட் 1863-இல் லண்டன் போய் ஒப்பந்தம் பேசினார். 1866 ஜூனில் பனாமா, நியூசிலாந்து அண்ட் ஆஸ்திரேலியன் ராயல் மெயில் கம்பெனி ஓடத் தொடங்கியது. ரக்காயா, கைக்கோரா, ருவாஹினே, மட்டாரா என்று மவோரிப் பெயர் கொண்ட நான்கு கப்பல்கள். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் காலனியும் மானியத்தில் பங்கு கொடுத்தது.

காகிதத்தில் இதற்கு ஒரு நல்ல வாதம் உண்டு. சூயஸ் கப்பல் மாதத் தொடக்கத்தில் வருகிறது என்றால் பனாமா கப்பலை மாத நடுவில் வரவழைக்கலாம். இரண்டு மாதக் கப்பல்கள் சேர்ந்து பதினைந்து நாளுக்கு ஒரு தபால் ஆகிவிடும். மேலே சொன்ன பதில் கடிதச் சிக்கலும் தீரும். 1867-இல் மெல்போர்னில் கூடிய காலனிகளின் தபால் மாநாடு இதைத்தான் பிடித்துக்கொண்டது. சூயஸ், பனாமா, டோரஸ் நீரிணை மூன்றுக்குமே மானியம் கேட்கலாம் என்று முடிவெடுத்தார்கள். மற்ற எல்லா ஊருக்கும் முன்னால் பஸ் நம் ஊர் நிறுத்தத்துக்குத்தான் வர வேண்டும் என்று பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து தீர்மானம் போடுவதுபோலத்தான் எனக்குப் படுகிறது. லண்டன் அதற்குப் பெரிதாகக் காது கொடுக்கவில்லை.

நடைமுறையில் என்ன ஆயிற்று? வெலிங்டனுக்கும் பனாமாவுக்கும் நடுவே ஏறக்குறைய நான்கு வாரக் கடல். வழியில் கரிக்கு ராப்பா என்ற துக்கடாத் தீவு ஒன்றுதான். அங்கே கரி இறங்கத் தொடங்கியதும் பிரான்ஸ் விழித்துக்கொண்டு 1867-இல் அந்தத் தீவைத் தன் பாதுகாப்புக்குள் கொண்டுவந்துவிட்டது! அட்லாண்டிக் பக்கத்தை ராயல் மெயில் ஸ்டீம் பாக்கெட் கம்பெனி பார்த்துக்கொண்டது. அதன் சந்திப்புத் துறைமுகம் செயின்ட் தாமஸ் தீவு. 1867 அக்டோபரில் அங்கே மஞ்சள் காய்ச்சல். அதனால் ரோன் என்ற புதுக்கப்பல் செயின்ட் தாமஸுக்குள் போகாமல் பீட்டர் தீவுப் பக்கம் நின்று சரக்கு மாற்றிக்கொண்டிருந்தது. 29-ஆம் தேதி புயல் அடித்தது. திறந்த கடலுக்குத் தப்பி ஓடப் பார்த்த ரோன் சால்ட் தீவின் பாறையில் மோதி உடைந்தது. சுமார் 120 பேர் செத்தார்கள். வெலிங்டன் தபால் நேரத்துக்கு வருவது இப்படிக் காய்ச்சல், புயல், அடுத்த கம்பெனியின் கப்பல் என்று எங்கோ இருக்கும் மூன்று விஷயங்களைச் சார்ந்திருந்தது.

கம்பெனி 1869 தொடக்கத்தில் கையை விரித்தது. அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ரயில் பாதை முடிந்தது, நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. எப்படியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஐந்து ஆண்டு ஓட்டியிருந்தாலும் பனாமா செத்திருக்கும். 1863-இல் ஒப்பந்தம் பேசியவர்களைக் குறை சொல்லலாமா? கொஞ்சம் சொல்லலாம் என்றே நினைக்கிறேன். லெசெப்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1859-இலிருந்து சூயஸ் கால்வாயை வெட்டிக்கொண்டுதான் இருந்தார். அமெரிக்க ரயிலுக்கான சட்டம் 1862-இலேயே நிறைவேறிவிட்டது. இரண்டும் ஊரறிந்த செய்தி.

சான் பிரான்சிஸ்கோ

ரயில் முடிந்ததும் ஜூலியஸ் வோகல் களத்தில் இறங்கினார். நியூசிலாந்தின் நிதியும் தபாலும் அவர் கையில். சிட்னி, ஆக்லாந்து, ஹொனலுலு வழியாகச் சான் பிரான்சிஸ்கோ, அங்கிருந்து நியூயார்க்குக்கு ஏழு நாள் ரயில், பிறகு அட்லாண்டிக். முதல் ஐந்தாண்டு தலைவலிதான். 1870-இல் ஹால் என்பவர் கடலோரக் கப்பல்களை வைத்துத் தொடங்கினார். 1871-இல் நியூயார்க் கப்பல் கட்டுநர் வெப், பக்கச் சக்கரம் வைத்த பழைய மரக்கப்பல்களைக் கொண்டுவந்தார். அமெரிக்க காங்கிரஸ் தனக்கும் மானியம் கொடுக்கும் என்று நம்பியிருந்தார், கொடுக்கவில்லை, 1873-இல் விலகினார். குளிர்காலத்தில் வயோமிங் பக்கம் பனியில் ரயில் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டதும் உண்டு.

1875-இல் பசிபிக் மெயில் கம்பெனியோடு நியூ சவுத் வேல்ஸும் நியூசிலாந்தும் ஒப்பந்தம் போட்டன. ஆண்டுக்குச் சுமார் 90,000 பவுண்ட். சிட்டி ஆஃப் சிட்னி போன்ற புது இரும்புக் கப்பல்கள் வந்தன. அப்போதுதான் வழி நிலைத்தது. பனாமாவும் இதுவும் பசிபிக்கைத்தான் கடந்தன, இரண்டிலும் நடுவில் ரயில்தான். பின்னதில் கப்பல்காரனுக்கு ஏற்கெனவே பசிபிக்கில் தொழில் இருந்தது, சான் பிரான்சிஸ்கோ ஒரு நகரம், ரயிலோ நியூசிலாந்துத் தபாலை நம்பிப் போட்டது அல்ல. ஆஸ்திரேலியக் கடிதம் நின்றாலும் அந்த ரயில் ஓடும். இந்த வித்தியாசம்தான் என் பார்வையில் முழு விஷயமும்.

இதற்கிடையே லண்டன் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தது. 1870-களின் தொடக்கத்தில், காலி, சிங்கப்பூர், சான் பிரான்சிஸ்கோ எது வேண்டுமோ அதுவரை தபாலைக் கொண்டுவந்து தருகிறோம், அதற்கு அப்பால் உங்கள் பாடு என்று சொல்லிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் இழுத்த காலனிகள் ஆளுக்கொரு வழியைப் பிடித்துக்கொண்டன. விக்டோரியா பி அண்ட் ஓவோடு நேரடி ஒப்பந்தம் போட்டு, மெல்போர்னைக் கடைசி நிறுத்தமாக்கிச் சிட்னிக்காரர்களை எரிச்சலூட்டியது. சிட்னி சான் பிரான்சிஸ்கோவைக் கட்டிக்கொண்டது. அடிலெய்டு தன் மூட்டைகளை எடுத்துவரத் தனிச் சின்னக்கப்பல் விட்டுவிட்டு நெடுநாள் முனகிக்கொண்டிருந்தது.

டோரஸ் நீரிணை

பிரிஸ்பேனைத் தலைநகராகக் கொண்ட வடகிழக்குக் காலனி குயின்ஸ்லாந்து எந்த வழியிலும் கடைசி. அதனால் தனக்கென்று வடக்கு வாசலைத் திறந்தது. 1880-இல் பிரதமர் மெக்கில்ரெய்த் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியோடு ஆண்டுக்கு 55,000 பவுண்டுக்கு எட்டு ஆண்டு ஒப்பந்தம் செய்தார். எதிர்க்கட்சி சட்டசபையில் நாள்கணக்கில் முட்டுக்கட்டை போட்டது. 1881-இல் மெர்காரா முதல் கப்பலாக வந்தது. தபாலுக்கு என்று மட்டும் பார்த்தால் இது வீண் செலவு. மெல்போர்னிலிருந்து தரைவழி வரும் கடிதமே முந்திக்கொள்ளும். ஆனால் லண்டனிலிருந்து குடியேறிகள் நேராகக் குக்டவுனிலும் டவுன்ஸ்வில்லிலும் ராக்ஹாம்ப்டனிலும் இறங்க முடிந்தது, இறைச்சி நேராக லண்டன் போனது. தபால் என்று பெயர், வாங்கியது கப்பல் போக்குவரத்து. பவளப்பாறைகள் நடுவே ஓடுவதன் விலையும் தெரிந்தது: 1890 பிப்ரவரி 28 இரவு, குவெட்டா என்ற கப்பல் கேப் யார்க் முனைக்கு அருகில் வரைபடத்தில் குறிக்கப்படாத பாறையில் உரசி, சுமார் மூன்றே நிமிடத்தில் மூழ்கியது. இருந்த 292 பேரில் 134 பேர் போனார்கள்.

எந்த நாற்காலியில் யார்

மெல்போர்னுக்கு 1859-க்குப் பிறகு யோசிக்கவே தேவையில்லை, காலிதான். சிட்னிக்கு 1869 வரை காலி, அதன் பிறகு காலியோடு சான் பிரான்சிஸ்கோ. மாற்றாக அல்ல, இரண்டுக்கும் தேதியை இடைவெளி விட்டு அமைத்துக்கொண்டால் மட்டும். வெலிங்டனில் 1863-இல் நான் உட்கார்ந்திருந்தால் பனாமாவுக்குக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். மெல்போர்ன்–நியூசிலாந்து இணைப்புக் கப்பலுக்குப் பணம் கொடுத்து, தேதியைப் பொருத்தச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டு ஆறு ஆண்டைக் கடத்தியிருப்பேன். அதில் பெருமை இல்லை, ஓட்டும் விழாது என்பது வேறு விஷயம். பிரிஸ்பேன் தன் 55,000-ஐத் தபால் கணக்கில் எழுதாமல் குடியேற்றக் கணக்கில் எழுதியிருந்தால் அது நல்ல முடிவாகவே தெரிந்திருக்கும்.

டெண்டரில் மிகக் குறைந்த நாள் சொன்ன கம்பெனியை நம்பியவர்கள் எல்லோரும் அடி வாங்கினார்கள். கேட்டிருக்க வேண்டியது மூன்று: கரிக்கிடங்கு யாருடையது, உபரிக் கப்பல் எத்தனை, தபால் மானியம் நின்றாலும் இந்த வழியில் ஓட வேறு காரணம் உண்டா? 1852-இலும் 1857-இலும் 1866-இலும் இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் இருக்கவில்லை.

1872 அக்டோபரில் டார்வின் வழியே தந்தி லண்டனோடு இணைந்த பிறகு கம்பளி விலை கம்பியில் வந்துவிட்டது. கப்பலில் வந்தது ஆவணமும் உண்டியலும் (வியாபாரப் பணச்சீட்டு) குடும்பக் கடிதமும். அவசரம் குறைந்த பிறகுதான் மானியம் மலிந்தது. ஒரே நீராவியை இரண்டு முறை வேலை வாங்கிய கூட்டு எஞ்சின்களும், பிறகு மூன்று முறை வேலை வாங்கிய மும்முறை விரியும் எஞ்சின்களும் கரிச்செலவைக் கரைத்தன. 1881-இல் கட்டிய அபெர்தீன் என்ற கப்பல், எல்லோரும் கைகழுவிய அதே முனை வழியில், ஒரே ஒரு இடத்தில் கரி நிரப்பி 42 நாளில் மெல்போர்ன் சேர்ந்தது. 1880-இல் ஸ்ட்ராத்லெவன் உறைந்த இறைச்சியை லண்டனில் கெடாமல் இறக்கியதிலிருந்து திரும்பும் பயணத்துக்கும் சரக்கு கிடைத்தது. 1888-இல் பி அண்ட் ஓவுக்கும் ஓரியன்ட் கம்பெனிக்கும் தலைக்கு 85,000 பவுண்ட், ஆக 1,70,000 பவுண்டுக்கு வாரா வாரம் தபால். 1857-இல் 12 பயணத்துக்கு 1,85,000, அதாவது பயணத்துக்கு 15,000-க்கு மேல். 1888-இல் 52 பயணம், ஒன்றுக்கு ஏறத்தாழ 3,300.

கடைசியாக ஒப்பந்தம் யாருக்கு என்பதை நாளும் தீர்மானிக்கவில்லை, பணமும் தீர்மானிக்கவில்லை. கூட்டாட்சியான ஆஸ்திரேலியா 1901-இல் கொண்டுவந்த தபால் தந்திச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, வெள்ளையர் மட்டும் வேலை செய்யும் கப்பல்களுக்குத்தான் தபால் ஒப்பந்தம் என்றது. பி அண்ட் ஓ கப்பல்களின் மேல்தளத்திலும் கொதிகலன் அறையிலும் இருந்தவர்கள் லஸ்கர்கள் எனப்பட்ட இந்தியத் துணைக்கண்டத்து மாலுமிகள். ஆஸ்திரேலிய மானியம் ஓரியன்டுக்குப் போனது. பி அண்ட் ஓ பிரிட்டிஷ் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு, அதே லஸ்கர்களோடு, அதே சிட்னிக்குத் தபால் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.